எட்டு போடச் சொல்கிறது ஆர்.டி.ஓ.

எங்கள் புதுச்சேரியில் ஆர்.டி.ஓ. என்றால் முதலியார்பேட்டை ஆபீஸ்தான். லைசென்ஸ் வேண்டுமானால் வண்டியில் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் இன்னொரு நாள் வா என்பார்கள். சில வருடமாக எங்கள் ஆபீஸ் மெயிலிலும் ஓர் ஆர்.டி.ஓ. வந்துகொண்டிருக்கிறது. ‘ரிட்டர்ன் டு ஆபீஸ்’ என்பதன் சுருக்கமாம். இதற்கும் எட்டு போட வேண்டும்: எட்டு மணி நேரம், அதே நாற்காலியில். கால் வீட்டில் பட்டால் அப்ரைசலில் ஃபெயில்.

போன மாதம் குடும்ப வாட்ஸப் குழுவில் எங்கள் பெரிய மாமா ஒரு வீடியோவைப் போட்டு, கீழே கைகூப்பும் படம் இரண்டு வைத்து, “பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்மா” என்று எனக்கென்றே எழுதியிருந்தார். மாமா அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமும் மதியம் வீட்டுக்கு வந்து, சுடுசோறு சாப்பிட்டு, திண்ணையில் கால் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனவர். அதில் தப்பில்லை. மதியம் ஒன்றரைக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும் ஊர் இது. வெயிலுக்கும் வயிற்றுக்கும் மரியாதை தரத் தெரிந்த ஊர். அப்படிப்பட்டவர் எனக்கு உழைப்பைப் பற்றிப் பாடம் அனுப்புகிறார் என்பதுதான் வேடிக்கை.

வீடியோவில் பேசிய பெரியவர் இன்ஃபோசிஸ் நிறுவனர் என்.ஆர். நாராயண மூர்த்தி. 2023 பிப்ரவரியில் புனேயில் நடந்த மாநாட்டில் இளைஞர்களை அவர் கேட்டுக்கொண்டதன் சாரம் இது: மறைவாக இரண்டாவது வேலை பார்ப்பது, வீட்டிலிருந்து வேலை செய்வது, வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆபீஸ் வருவேன் என்பது, இந்த வலையிலெல்லாம் விழாதீர்கள். அதே வருடம் அக்டோபரில் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2024 நவம்பரில், எண்பதுகளில் ஆறு நாள் வாரம் ஐந்து நாளாகச் சுருங்கியதே தமக்கு ஏமாற்றம் என்றார். 2025 ஜனவரியில், இதை யார் மீதும் திணிக்க முடியாது, அவரவர் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் என்று கொஞ்சம் இறங்கியும் வந்தார். நியாயம் நியாயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இறங்கி வந்த பேச்சை எந்த மாமாவும் ஃபார்வர்ட் செய்வதில்லை. எந்த மனிதவள அதிகாரியும் அதை மெயிலில் மேற்கோள் காட்டுவதில்லை. எனவே ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்கே பதில் சொல்கிறேன்.

வலை என்கிறார். அந்த வலையில் முதலில் விழுந்து கோடீஸ்வரர் ஆனவர் யார்? 1981 ஜூலையில் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸின் முதலீடு, மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி சேர்த்து வைத்திருந்த 10,000 ரூபாய். முதல் ஆபீஸ், புனேயில் ஒரு வீட்டின் முன்னறை. முதல் வாடிக்கையாளர் இருந்தது நியூயார்க்கில். அடுத்த இருபது வருடம் அந்த நிறுவனம் உலகத்துக்கு விற்றது என்ன சரக்கு? வேலை எங்கே நன்றாகவும் மலிவாகவும் முடியுமோ அங்கே செய்வோம், தேச எல்லையைப் பார்க்க மாட்டோம் என்ற சித்தாந்தத்தைத்தான். அமெரிக்க வங்கிக்காரன் கேட்டிருக்க மாட்டானா, ‘ஆள் என் கண்ணெதிரே இல்லாமல் எப்படி நம்புவது?’ என்று? கண்ணெதிரே இருக்க வேண்டியதில்லை, முடித்துக் கொடுப்பதைப் பாருங்கள் என்று அவனுக்கு நம்பிக்கை ஊட்டிய தலைமுறை மூர்த்தியுடையது. அதே கேள்வியை இன்று தன் ஊழியரிடம் திருப்பிக் கேட்பதற்குப் பெயர் அனுபவமா? ஏறின ஏணியை எட்டி உதைப்பது என்று என் அம்மா சொல்வார்.

என் தொழிலை வைத்தே சொல்கிறேன். நான் காப்பி எடிட்டர். லண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் என்று எங்கெங்கோ வெளியாகும் ஆராய்ச்சி இதழ்களுக்குப் பிழை திருத்திப் பக்கம் கட்டிக் கொடுக்கும் தொழில் இந்த ஊரில் முப்பது வருடமாக நடக்கிறது. கடற்கரையில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. பிரெஞ்சு வீதி மஞ்சள் சுவருக்குப் பின்னால் குரோசான் மட்டும் தயாராகவில்லை. இந்த ஊரின் புறநகர்க் கட்டடங்களில் இதய நோய், பூச்சியியல், கடல் சட்டம் என்று உலகத்தின் அறிவெல்லாம் கமா வைத்து ஒழுங்காகிறது. இத்தனை வருடத்தில் ஒரு லண்டன் எடிட்டர்கூட லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததில்லை. கோப்பு நேரத்துக்குப் போகிறதா, பிழை இல்லாமல் போகிறதா என்று பார்க்கிறார்கள், பணம் அனுப்புகிறார்கள். லண்டனுக்கும் லாஸ்பேட்டைக்கும் நடுவில் 8,000 கிலோமீட்டர். அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. என் வீடு இருக்கும் அரியாங்குப்பத்துக்கும் லாஸ்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் பத்து கிலோமீட்டர்தான் எங்கள் நிர்வாகத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகோடு இறங்கியது. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா நிறுவனத்திலிருந்தும் ஒரே செய்திதான் வரும்: ஜாக்கிரதையாக இருங்கள், லேப்டாப்பை சார்ஜ் போட்டு வைத்து வீட்டிலிருந்தே வேலையைத் தொடருங்கள். மழைக்கு வீட்டில் செய்ய முடிகிற வேலை, வெயிலுக்கு மட்டும் ஏன் கெட்டுப்போகிறது என்று எவரும் விளக்கியதில்லை.

இந்த ஊரில் உட்கார்ந்து வேறு ஊருக்கு எழுதிய முதல் ஆள் நான் இல்லை என்ற ஆறுதலும் எனக்கு உண்டு. 1908இல் வந்து 1918 வரை இங்கே இருந்த பாரதி, ‘இந்தியா’ பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். பிறகு சென்னை ‘சுதேசமித்திர’னுக்கு இங்கிருந்தே எழுதி அனுப்பினார். வீட்டை விட்டுச் சென்னைக்கு வா என்று அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது பிரிட்டிஷ் போலீஸ் மட்டும்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்வதை ஏதோ சோம்பேறி இளைஞர்கள் கொரோனாவைச் சாக்காக வைத்துப் பிடுங்கிக்கொண்டதாக ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். இது பொய். கேட்டு வாங்கியவர்கள் முதலாளிகள். தொலைத்தொடர்புத் துறையின் பழைய விதிகளின்படி, வெளிநாட்டு வேலை செய்யும் நிறுவனம் தன் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதென்றால் வங்கி உத்தரவாதம் உட்பட ஆயிரம் கெடுபிடி. 2020 நவம்பரில் அரசு அந்தக் கெடுபிடிகளைத் தளர்த்தியபோது கைதட்டியது யார்? தொழில் துறையே திரண்டு கைதட்டியது. அதற்கும் முன்பே, 2020 ஏப்ரலில், டி.சி.எஸ். ஒரு லட்சியத்தை அறிவித்தது. 2025ஆம் ஆண்டுக்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும் என்றது. வாடகை மிச்சம், கரண்ட் மிச்சம், கேன்டீன் மிச்சம். என் வீட்டு வைஃபைக்கும் யூ.பி.எஸ். பேட்டரிக்கும் நான் பணம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் கலாசாரம் சீரழிந்ததாக ஒருவரும் கண்ணீர் விடவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அதே டி.சி.எஸ். ஐந்து நாளும் வா என்றது. மறு வருடம் சம்பளத்தின் வேரியபிள் பே பகுதியை வருகைப் பதிவோடு முடிச்சுப் போட்டது. வருகை 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒரு ரூபாயும் இல்லை. முழுதாக வேண்டுமா, 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கவனியுங்கள், வேலை சரியில்லை என்று வெட்டவில்லை. உடம்பு வரவில்லை என்று வெட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கு அட்டெண்டன்ஸ் என்று பெயர். மூர்த்தியின் சொந்த இன்ஃபோசிஸ், மாதத்துக்குப் பத்து நாள் வந்தால் போதும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நிறுவனரின் அறிவுரையை நிறுவனமே முழுசாகக் கேட்கவில்லை, நான் கேட்க வேண்டுமாம்.

எதிரணியில் படித்தவர்களும் இருக்கிறார்கள். மாமா மாதிரி கைகூப்பும் படம் போட மாட்டார்கள், ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் தூக்கிப்பிடிக்கும் ஆய்வு நம் சென்னையில் நடந்தது என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பேர், டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தவர்களில் சிலரை ஆபீஸுக்கும் சிலரை வீட்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பினார்கள். 2023இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித் திறன் 18 சதவீதம் குறைவு. பார்த்தாயா என்று இந்த இடத்தில் மேஜையைத் தட்டிவிட்டு எதிரணி எழுந்து போய்விடும்.

உட்காருங்கள், அடுத்த வரி இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்கள், ஆரம்பச் சோதனையிலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தவர்கள். அதாவது, ‘நான் வர மாட்டேன்’ என்கிறவர் உங்கள் மோசமான ஆள் இல்லை, நல்ல ஆள். அந்த நல்ல ஆள்தான் வீட்டில் அதிகமாகச் சரிகிறார் என்பதையும் ஆய்வு சொல்கிறது, 27 சதவீதம். ஏன்? கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் மாமியார், ஓர் அறை வீடு. ஆபீஸ் அவருக்குப் பிடிக்காமல் இல்லை, வாசல்படி தாண்ட வழியில்லை. இதைப் படித்த பிறகு ஒரு நிர்வாகி என்ன செய்ய வேண்டும்? அவர் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸ் போடலாம், குழந்தைக் காப்பகம் வைக்கலாம், நேரத்தை வளைத்துக் கொடுக்கலாம். ‘ஐந்து நாளும் வா, இல்லாவிட்டால் போ’ என்றால் அவர் போய்விடுவார். உங்கள் 12 சதவீதமும் அவரோடு போகும். ஆய்வில் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு வாதாடுவதற்குப் பெயர் ஆதாரமல்ல.

இன்னொன்று. இந்திய ஐ.டி. ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் ஆராய்ந்த கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் மூவரும் ஊரடங்கு நாட்களில் உற்பத்தித் திறன் 8 முதல் 19 சதவீதம் வரை விழுந்ததாகக் கண்டார்கள். திறன் என்றால் மணி நேரத்துக்கு எவ்வளவு என்பது. முடித்த வேலை அப்படியொன்றும் பெரிதாகக் குறையவில்லை. அதை முடிக்க எடுத்த மணி நேரம்தான் ஏறிவிட்டது. ஏறிய நேரத்தைத் தின்றது எது? மீட்டிங். யாரும் குறுக்கிடாமல் உட்கார்ந்து வேலை செய்கிற நேரம் சுருங்கி, ஒருங்கிணைப்புக் கூட்டம் பெருத்துவிட்டது. காலை ஒன்பதுக்கு ஒரு ஸ்டேண்ட்-அப், பதினொன்றுக்கு ஒரு சிங்க்-அப், மூன்றுக்கு ஒரு கேட்ச்-அப் என்று வைத்தவர்கள் யார்? ஊழியர் சம்பளமில்லாமல் கூடுதல் மணி நேரம் உழைத்ததைக் காட்டும் ஆய்வை, ஊழியர் சோம்பேறி என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவர அசாத்திய துணிச்சல் வேண்டும்.

ஷாங்காய்ப் பக்கம் இதற்கு நேர்மாறான முடிவு உண்டு. ஸ்டான்ஃபோர்டின் நிக்கலஸ் ப்ளூம், சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒன்பது மாதம் சோதித்தபோது வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் 13 சதவீதம் அதிகம் செய்தார்கள். அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்து 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சோதனையில், வாரத்துக்கு இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாட்டால் வேலையின் தரமும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை, வேலையை விட்டுப் போவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே வீடு நல்லதா ஆபீஸ் நல்லதா என்ற கேள்வியே அசட்டுத்தனம். என்ன வேலை, என்ன வீடு, எத்தனை நாள், யாருடைய விருப்பம் என்று கேட்க வேண்டும். ஒரே வரி மெயிலுக்கு அதெல்லாம் அடங்காதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இளசுகள் கற்றுக்கொள்ளும் என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் சத்து உண்டு. நானும் அப்படித்தான் கற்றேன். அட்டவணை உடைந்தால் எப்படிக் கட்டுவது, முரட்டு ஆசிரியருக்கு எப்படிப் பணிவாகக் கேள்வி எழுதுவது என்பதெல்லாம் எனக்கு ஒரு சீனியர் அக்கா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் இன்றைய ஆபீஸுக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். எல்லார் காதிலும் ஹெட்செட். டீம் லீட் இருப்பது சென்னையில், மேனேஜர் இருப்பது மணிலாவில். பக்கத்து சீட்டுப் பெண்ணோடும் டீம்ஸில்தான் பேச்சு. சொல்லிக்கொடுக்க வேண்டிய அக்காவுக்கு அன்றைய டார்கெட் முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட நேரம் கொடுக்காமல், நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவைத்து என்ன பயன்? ஆபீஸ் ஆட்கள் வராவிட்டால் டீக்கடை படுத்துவிடும் என்று இன்னொரு கரிசனம். அரியாங்குப்பத்திலும் டீக்கடை இருக்கிறது ஐயா.

வேலை நேரத்தைப் பற்றி வேறு ஊரில் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். இந்த ஊரில் அளந்து பேச வேண்டும். 1936 ஜூலை 30. சவானா மில்லில் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்நின்று நடத்திய போராட்டம் அது. கேட்டவற்றில் முதன்மையானது எட்டு மணி நேர வேலை. பாரிஸில் அப்போது லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு. அடுத்த வருடம் சுப்பையா அங்கேயே போய்ப் பேசினார். எட்டு மணி நேரம் சட்டமானது. ஆசியாவிலேயே முதல் என்று இன்றும் மேடைதோறும் மார்தட்டுகிறோம், ஜூலை 30 வந்தால் ஊர்வலம் போய் மாலை போடுகிறோம். மறுநாள் காலை, வாரத்துக்கு 70 மணி நேரம் என்று சொன்ன வீடியோவை நாமே ஃபார்வர்டும் செய்கிறோம். ஐந்து நாள் வாரத்தில் 70 என்றால் நாளுக்குப் பதினான்கு. துப்பாக்கிக்கு முன்னால் நின்ற அந்த 12 பேருக்கும் இந்தக் கணக்கை யார் போய்ச் சொல்வது?

எழுபதோடும் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தம் ஊழியர்களிடம் பேசிய வீடியோ வெளியே வந்தது. 90 மணி நேரம் என்றார், ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார், வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 2023-24இல் அவர் வாங்கியது 51 கோடி ரூபாய். அவருடைய நிறுவனத்தில் நடுத்தர ஊழியர் ஒருவரின் சம்பளத்தைப் போல 534 மடங்கு. அவருக்கு 90 மணி நேரம் கட்டுப்படியாகும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் காந்தி வீதிக்கு வந்து சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று நடந்திருந்தால், மனைவி முகத்தைப் பார்ப்பதற்கும் பேரம் பேசி இருநூறு ரூபாய்க்கு அவளுக்கு ஒரு நைட்டி வாங்கிக் கொடுப்பதற்கும் மனிதர்கள் எவ்வளவு ஆசையாக வெளியே வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குக் கட்டுப்படியாகும் கணக்கைச் சொல்கிறேன். அரியாங்குப்பம் பாலம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், அங்கிருந்து நூறடிச் சாலை, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை. இரண்டு சிலைக்கும் நடுவில் எத்தனை சிக்னல் பார்க்க வேண்டும் என்பது பிரதமர்களுக்கே வெளிச்சம். போக வர இரண்டு மணி நேரம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் 480 மணி நேரம். எட்டால் வகுத்தால் 60 நாள். வருடத்தில் மூன்று மாதச் சம்பளத்துக்கான நேரத்தை சைலன்சர் புகைக்குள் உட்கார்ந்து நான் தானமாகக் கொடுக்கிறேன். பெட்ரோலும் என்னுடையது. நாட்டின் உற்பத்தியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் இந்த 60 நாளை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

பெண்ணுரிமை பேசும் தோழிகள் சிலர் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் அடுக்களை விழுங்கிவிடும், ஆபீஸ்தான் நமக்குக் காற்று என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாதி உண்மை. ஆனால் மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு அது நாளுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. நான் ஆபீஸ் போனால் அந்த 289 குறையவில்லை, விடியற்காலை நாலரைக்கும் இரவு பத்துக்கும் நகர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அடுக்களை விழுங்குவது என்னை வீட்டில் வைத்ததால் இல்லை, வீட்டில் இருக்கும் ஆணை அது விழுங்காததால். எங்கள் புதுச்சேரி அரசு 2023 ஏப்ரலில் பெண் ஊழியர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தது நினைவிருக்கிறதா? மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை, காலை 8.45க்குப் பதில் 10.45க்கு வரலாம், வீட்டில் பூஜை செய்துவிட்டு. விளக்கேற்ற இரண்டு மணி நேரம் வளைகிற ஆபீஸ், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் இரும்பாக நிமிர்ந்து நிற்கும். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

2020இல் ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் பி.ஜி. அறைகளில் கிடந்தவர்கள். வேலைக்குப் போன பிறகு முதல் முறையாக அம்மா சமையல் சாப்பிட்டு, அப்பாவை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அதே சம்பளத்தில் அதே வேலையைச் செய்தார்கள். அந்த இரண்டு மூன்று வருடம் எங்கள் தெருவில் இளைஞர்கள் குடியிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மெயில் வந்தது. 2024இல் பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கொஞ்ச காலம் ஏ.எஃப்.டி. மில் மைதானத்தில் தற்காலிகமாக பஸ் விட்டார்களே, அப்போது ஒரு ஞாயிறு இரவு என் அக்கா மகனை ஏற்றிவிடப் போனேன். 1898இல் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு உள்ளூரிலேயே சோறு போட்ட மில்லின் மைதானத்தில், உள்ளூரில் இருந்தே செய்யக்கூடிய வேலையைச் செய்ய 150 கிலோமீட்டர் போகும் பிள்ளைகள் முதுகில் லேப்டாப் பையோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த மில்லில்தான், நாங்கள் ரோடியர் மில் என்போம், என் தாத்தா நெசவில் இருந்தார். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. வெளியே வந்த பிறகு மேஸ்திரி அவரைக் கூப்பிட்டதில்லை. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மில்லை அரசு அதிகாரபூர்வமாக மூடியது. ஊரடங்கின் ஆறாவது வாரம் அது. நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்குச் சங்கே கிடையாது. இரவு பதினொன்றரைக்கு ‘அர்ஜென்ட்’ என்று மெசேஜ் வரும். வீட்டிலிருந்து வேலை செய்வதன் உண்மையான குறை இது ஒன்றுதான், அதை எதிரணி ஒருநாளும் பேசாது. பேசினால் மருந்தும் தெரிந்துவிடும் என்ற பயம். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்வது பற்றி அவர்களோடு பேசி வரம்பு கட்ட வேண்டும். அங்கே இருக்கும் என் சித்தப்பா மகன் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினால் மறுநாள்தான் திறப்பான். நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே இதே உரிமைக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தொப்பியையும் தெருப் பலகையையும் பத்திரப்படுத்துகிற ஊர், அவனிடம் போராடி வாங்கிய எட்டு மணி நேரத்தை லேப்டாப் பையில் போட்டுத் தொலைத்துவிட்டது.

மூர்த்தி அவர்களுக்கும், அவரை எனக்கு அனுப்பிவைத்த மாமாவுக்கும், மெயில் போடும் மனிதவள அதிகாரிக்கும் ஒரே விண்ணப்பம். வருகைப் பதிவுக்குக் கார்டு தேய்க்கும் மிஷினை லாஸ்பேட்டை ஆபீஸ் வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அரியாங்குப்பம் பாலத்தின் தெற்கு முனையில் மாட்டுங்கள். காலை ஏழே முக்காலுக்கு நான் அங்கே கார்டு தேய்க்கிறேன். அந்த நிமிடத்திலிருந்து என் எட்டு மணி நேரம் ஓடட்டும். ஐந்து நாளும் வருகிறேன்.